ஃபாரின் கீயைக் கழற்றாதீர்கள்: தேனி மாவட்டத்து மென்பொருள் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



போடியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் தேனியிலும் இருந்துகொண்டு ஏலக்காய்க் கடைக்கும் திராட்சை மண்டிக்கும் பால் சொசைட்டிக்கும் நீங்கள் மென்பொருள் எழுதித் தருகிறீர்கள். பஸ் ஏறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் ஊரிலேயே தொழிலை வைத்துக்கொண்டதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அந்த உரிமையில்தான் நேராகக் கேட்கிறேன். டேட்டாபேஸ் ஒரு பிழைச்செய்தி காட்டியதும் ஏன் ஃபாரின் கீயையே எடுத்துப் போட்டுவிடுகிறீர்கள்?

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் கணக்கு கெட்டுப்போனால் அதைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. என்னிடம் வரும் டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. மாடல் கோப்பைத் திறந்தால் உறவுகள் அழகாக எழுதப்பட்டிருக்கும். விவசாயிக்குப் பல சீட்டுகள், சீட்டுக்கு ஒரு வியாபாரி, வியாபாரிக்குப் பல வரவுகள். டேட்டாபேஸைத் திறந்தால் அந்த உறவுகளில் ஒன்றுகூட அங்கே இருக்காது. வெறும் எண்கள். அந்த எண் எந்த டேபிளின் எந்தப் பதிவைக் குறிக்கிறது என்று டேட்டாபேஸுக்கு யாரும் சொல்லவே இல்லை.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பம் பக்கத்தில் ஒரு திராட்சை மண்டி. எழுதிக்கொடுத்தவர் யார், மண்டி எது என்பது இங்கே தேவையில்லை. ஒரே விவசாயியின் பெயர் பட்டியலில் இரண்டு தடவை இருப்பதைக் கணக்குப்பிள்ளை பார்த்தார். இனிஷியலில் மட்டும் வித்தியாசம். இரண்டாவதாகச் சேர்ந்த பெயரை அழித்தார். டேட்டாபேஸ் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லவேண்டிய ஃபாரின் கீயை வேறொரு பிழைக்காக அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பருவத்தின் சீட்டுகளும் முன்பணமும் அழிந்த அந்த இரண்டாவது பதிவின் எண்ணில்தான் கிடந்தன. மாத அறிக்கை விவசாயி டேபிளையும் சீட்டு டேபிளையும் இன்னர் ஜாயினில் சேர்த்து எடுத்தது. ஆளில்லாத சீட்டுகள் அதில் வரவே இல்லை. மொத்தம் குறைந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் தேடிப்பிடித்திருக்கலாம். அழிந்தது கடைசியாகச் சேர்ந்த பதிவு. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைஎஸ்கியூஎல் 5.7. அந்தப் பதிப்பு வரைக்கும் இன்னோடிபி அடுத்த எண் எது என்பதை நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் டேபிளில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததைக் கொடுக்கும். 8.0-ல்தான் இதை மாற்றினார்கள். கரண்ட் போனது, சர்வர் நின்று மறுபடி எழுந்தது, அடுத்து வந்து பெயர் பதிந்த விவசாயிக்கு அழிந்த பதிவின் எண்ணே கிடைத்தது. பழைய விவசாயி வாங்கிய முன்பணம் புதியவர் கணக்கில் ஏறியது. பழையவர் கொண்டுவந்து போட்ட பழமும் புதியவர் பெயரில் வரவாகியிருந்தது. இரண்டு பேரும் மண்டி வாசலில் நின்று சத்தியம் செய்தார்கள். இருவர் சொன்னதும் உண்மை. பொய் சொன்னது கணினி.

எஸ்கியூலைட் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆட்டோஇன்கிரிமென்ட் என்று தனியாக எழுதாவிட்டால் எஸ்கியூலைட்டும் அழிந்த கடைசி எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அதைவிடப் பெரிய சங்கதி, எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ எழுதியிருந்தாலும் இயல்பாக அது வேலை செய்யாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஃபாரின் கீ பிராக்மாவை ‘ஆன்’ என்று வைக்க வேண்டும். ஜாங்கோ அதைத் தானே செய்துவிடுகிறது. நேராக எஸ்கியூலைட்டோடு பேசும் மொபைல் ஆப் எழுதுபவர்களில் எத்தனை பேர் செய்கிறீர்கள்?

ஓ.ஆர்.எம். நல்ல கருவி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாடலில் எழுதும் உறவு ஒன்று, டேட்டாபேஸில் இருக்கும் கட்டுப்பாடு இன்னொன்று. இந்த இரண்டும் ஒன்று என்று அது உங்களை நம்ப வைத்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. லாராவெலில் ‘ஹேஸ் மெனி’ என்று எழுதினால் அது உங்கள் பிஎச்பி நிரலுக்கு மட்டும் தெரிந்த செய்தி. மைக்ரேஷனில் ‘ஃபாரின் ஐடி’ என்று எழுதுகிறீர்களே, அதுவும் ஒரு பிக்இன்ட் புலத்தை மட்டும்தான் உண்டாக்கும். கூடவே ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று சேர்த்தால்தான் கட்டுப்பாடு பிறக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் இந்த மாவட்டத்தில் மட்டும் எத்தனையோ பேர். பிரிஸ்மாவில் ரிலேஷன் மோடை ‘பிரிஸ்மா’ என்று வைத்தால் டேட்டாபேஸில் ஃபாரின் கீ உருவாகாது. சீக்வலைஸில் ‘கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஃபால்ஸ்’ என்று யாரோ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பீர்கள். பழைய மையிசாம் டேபிள் என்றால் ஃபாரின் கீ வரியை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் விட்டுவிடும்.

உங்கள் ஓ.ஆர்.எம். வழியாக மட்டுமே எல்லோரும் உள்ளே வருவார்கள் என்று நம்பாதீர்கள். முதலாளியின் மருமகன் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து ஒரு வரியை அழிப்பார். ஆடிட்டர் அலுவலகம் எக்செல் கோப்பை ஏற்றும். அடுத்த வருடம் வேறொருவர் வேறு மொழியில் ஒரு மொபைல் ஆப் எழுதி இதே டேட்டாபேஸில் இணைப்பார். ஜாங்கோவில் கேஸ்கேட் என்று எழுதியதை வழக்கமாக நடத்திவைப்பது பைத்தான்தான், டேட்டாபேஸ் அல்ல. வெளியிலிருந்து வருபவரைத் தடுக்க டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றே காவல்.

எட்கர் காட் 1970-ல் ரிலேஷனல் முறையை முன்வைத்த கட்டுரையிலேயே ஃபாரின் கீ இருந்தது. அரை நூற்றாண்டாகச் சோதித்துப் பார்த்த காவல் அது.

இனி பிழைச்செய்திக்கு வருகிறேன். அதை எதிரியாகப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில், இறுதியாண்டு புராஜெக்டில், சிவப்பு எழுத்து மறைந்தால் மதிப்பெண். அங்கே இருந்த பத்து மாதிரிப் பதிவுகளில் யாருடைய கூலியும் இல்லை. இங்கே இருக்கிறது.

மைஎஸ்கியூஎல் 1452 என்று சொன்னால் அதன் பொருள் எளிது: இல்லாத ஆளின் பெயரில் சீட்டு போடப் பார்க்கிறீர்கள். 1451 என்றால் சீட்டு இருக்கும்போதே ஆளை அழிக்கப் பார்க்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இரண்டுக்கும் 23503 என்ற ஒரே குறியைத் தரும், ஆனால் எந்தக் கட்டுப்பாடு என்பதை முதல் வரியிலும் எந்த மதிப்பு என்பதை அடுத்த வரியிலும் தெளிவாகச் சொல்லும். அந்த அடுத்த வரியைப் படிக்காமல் முதல் வரியை மட்டும் நகலெடுத்துத் தேடுகிறீர்கள். எங்கோ ஒருவர் கட்டுப்பாட்டை நீக்கு என்று பதில் எழுதியிருப்பார். நீக்கிவிடுகிறீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு அளவில் தகராறு வந்தால் எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகராறு தீர்ந்தது என்று சொல்லும் சர்வேயரை நம் ஊரில் விடுவார்களா?

1452 வந்தால் முதலில் உங்கள் படிவத்தைப் பாருங்கள். பல நேரம் காரணம் மிகச் சிறியது. ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற முதல் வரியை மாற்றாமல் கணக்குப்பிள்ளை சேமித்திருப்பார். படிவம் 0 அல்லது வெற்று எழுத்தை அனுப்பியிருக்கும். 0 என்ற எண்ணுள்ள விவசாயி கிடையாது. ஆள் தெரியாத சீட்டு உங்கள் தொழிலில் உண்டு என்றால் புலத்தில் ‘நல்’ (வெற்று மதிப்பு) அனுமதியுங்கள், ஃபாரின் கீ அதை ஏற்கும். இல்லையென்றால் படிவத்திலேயே கட்டாயமாக்குங்கள். இரண்டும் ஐந்து நிமிட வேலை.

அடுத்து, சேமிக்கும் வரிசை. தாய்ப் பதிவு முதலில், பிள்ளைப் பதிவு பிறகு, இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள். ஹைபர்நேட் ‘சேமிக்காத டிரான்சியன்ட் பொருளைக் குறிக்கிறது’ என்று அலறினால் அது சொல்வதும் இதைத்தான். அதே ஹைபர்நேட்டில் இன்னொரு குழி இருக்கிறது. ‘மேப்டு பை’ எழுதிய பக்கம் உறவுக்கு உரிமையுள்ள பக்கம் அல்ல. விவசாயியின் சீட்டுப் பட்டியலில் சீட்டைச் சேர்த்துவிட்டு, சீட்டில் விவசாயியை வைக்காமல் விட்டால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். டேபிளில் அந்தப் புலம் காலியாகவே கிடக்கும். மறுநாள் திறந்தால் சீட்டுக்கு ஆள் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கும் ஒரு சிறு மெத்தடை எழுதி அதை மட்டுமே அழையுங்கள்.

ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸும் வைத்திருப்பவர்களுக்கு வரும் குழப்பம் வேறு. ஜாங்கோ அங்கே உண்டாக்கும் ஃபாரின் கீ, டிரான்சாக்‌ஷன் முடியும் வரை சோதனையைத் தள்ளிப்போடும் வகை. தப்பு நடந்த வரியில் பிழை வராது, கடைசியில் கமிட் ஆகும் இடத்தில் வரும். அந்தக் கடைசி வரியை எத்தனை முறை பார்த்தாலும் அதில் தப்பு இருக்காது. பிழை காட்டும் மதிப்பை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும்.

கட்டுப்பாடு சேரவே மாட்டேன் என்றால் பெரும்பாலும் வகை பொருந்தவில்லை. லாராவெல் 5.8 வந்தபோது புதிய மைக்ரேஷன்களில் ஐடி பிக்இன்ட் ஆனது. உங்கள் பழைய விவசாயி டேபிளில் ஐடி சாதாரண இன்ட். புதிய சீட்டு டேபிளில் ஃபாரின் ஐடி பிக்இன்ட். மைஎஸ்கியூஎல் 1215 என்றோ, 8.0-ல் இன்னும் தெளிவாக 3780 என்றோ சொல்லி மறுக்கும். ‘அன்சைன்ட்’ ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் மறுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு வகைகளையும் ஒன்றாக்குவது. நீங்கள் செய்வது ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்ற சொல்லை அழிப்பது.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் வேலைக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு, அவற்றை எந்தப் பாடப்புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. விடிவதற்கு முன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்தக் கூலிக் கணக்குக்கும் இப்போது ஆப் வந்துவிட்டது. ஒரு பெண் திங்கட்கிழமை ஒரு தோட்டம், புதன்கிழமை இன்னொரு தோட்டம் போகிறார். ஒரு தோட்டத்துக்குப் பலர் வருகிறார்கள். இதை நீங்கள் ஓ.ஆர்.எம்.மின் பல-பல உறவாக எழுதி, நடுவிலுள்ள டேபிளை அதுவே உண்டாக்க விட்டுவிடுகிறீர்கள். அந்த நடு டேபிளில் தொழிலாளி எண்ணும் தோட்ட எண்ணும் மட்டும்தான் இருக்கும். தேதி எங்கே? அன்றைய கூலி எங்கே? கூலியைத் தொழிலாளி டேபிளில் ஒரு புலமாக வைத்தீர்கள் என்றால் இன்று கூலி உயர்ந்ததும் போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறும். வேலைநாள் என்று தனி மாடல் எழுதுங்கள். ஜாங்கோவில் ‘த்ரூ’ என்று குறிப்பிடுங்கள். தொழிலாளி, தோட்டம், தேதி மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று கட்டுப்பாடு வையுங்கள். இல்லாவிட்டால் சேமி பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு நாள் கூலி.

அதே ஆப்பில் தோட்ட முதலாளி, கங்காணி, ஜீப் ஓட்டுநர் எல்லோரும் ‘நபர்’ டேபிளில் இருப்பார்கள். வேலைநாளிலிருந்து நபருக்கு இரண்டு ஃபாரின் கீ போனதும் எஸ்கியூஎல்அல்கெமி எது எந்த வழி என்று தெரியவில்லை என்று நிற்கும். ஜாங்கோ எதிர்த்திசை உறவின் பெயர் மோதுகிறது என்று தொடங்கவே மறுக்கும். ஒவ்வொரு உறவுக்கும் எந்தப் புலம் என்று நீங்கள் பெயர் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அங்கே வேறு சிக்கல் இல்லை. அதற்குப் பயந்து ஒன்றை வெறும் எழுத்துப் புலமாக மாற்றி அதில் கங்காணியின் பெயரைத் தட்டச்சு செய்ய வைக்கிறீர்கள்.

பெயரை வைத்து ஆளை இணைப்பது நம் ஊரில் நிச்சயம் தோற்கும். குலதெய்வம் பெயரை ஒரு தெருவில் பத்துப் பேர் வைத்திருப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள். அதை ஆங்கிலத்தில் ஒவ்வொரு பள்ளிச் சான்றிதழிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். கம்பம் என்ற ஊர்ப்பெயருக்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துமுறை; ஆந்திரத்திலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. சர்வே எண்ணும் அப்படித்தான். ஒரு சர்வே எண் அந்த வருவாய்க் கிராமத்துக்குள் மட்டும்தான் தனி. அரசின் பட்டா சிட்டா பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் கேட்ட பிறகுதான் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கேட்கிறது. சர்வே எண்ணை மட்டும் சாவியாக வைத்தால் கூடலூர்க்காரருக்கு ஏற்ற வேண்டிய சொட்டுநீர் மானியம் ஆண்டிபட்டிக்காரர் கணக்கில் நிற்கும். தேனி மாவட்டமே 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. பழைய பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கும். ஊர், வட்டம், மாவட்டம் எல்லாவற்றையும் தனித்தனி டேபிளாக்கி, மாறாத ஓர் உள் எண்ணால் இணையுங்கள். பெயர் மாறினால் ஒரு பதிவில் மாற்றினால் போதும்.

கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்வதால் எல்லா இடத்திலும் கேஸ்கேட் போடுங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எதிர்ப்பக்கத்து ஆபத்து. ஜாங்கோ 2.0 முதல் ஆன் டிலீட் என்ன என்று எழுதாமல் விடமுடியாது. கேட்கிறதே என்று பார்த்த முதல் சொல்லை, கேஸ்கேடை, எழுதிவிட்டு நகர்கிறீர்கள். அப்புறம் ஒரு விவசாயியை அழித்தால் அவருடைய பத்து வருடச் சீட்டும் வரவும் செலவும் கேட்காமல் போய்விடும். பணம் சம்பந்தப்பட்ட எந்த டேபிளிலும் கேஸ்கேட் வேண்டாம். புரொடெக்ட் அல்லது ரெஸ்ட்ரிக்ட். பெயர் இரண்டு தடவை இருந்தால் அழிக்கும் பொத்தானுக்குப் பதில் ‘ஒன்றாக்கு’ என்று ஒரு பொத்தான் கொடுங்கள். ஒரு பதிவின் சீட்டுகளை இன்னொரு பதிவின் எண்ணுக்கு மாற்றிய பிறகு காலியான பதிவை எடுக்கட்டும். அந்தத் திராட்சை மண்டிக் கணக்குப்பிள்ளை தேடியது அந்தப் பொத்தானைத்தான். அழிக்காமல் மறைத்துவைக்கும் சாஃப்ட் டிலீட் செய்பவர்களும் கவனியுங்கள்: டேட்டாபேஸைப் பொறுத்தவரை அந்த ஆள் இன்னும் இருக்கிறார், அதனால் ஃபாரின் கீ அமைதியாக இருக்கும். உங்கள் திரையில் மட்டும் சீட்டின் விவசாயி நல் என்று வந்து நிற்கும்.

சிலர் என்னிடம் வாதம் செய்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களே ஃபாரின் கீ வைப்பதில்லையே, வேகம் குறையுமே என்று. கிட்ஹப் போன்ற இடங்களில் வைப்பதில்லை என்பது உண்மை. அவர்கள் தரவைப் பல சர்வர்களுக்குப் பிரிக்கிறார்கள், ஓடும்போதே டேபிள் அமைப்பை மாற்றுகிறார்கள், அதற்கென்று டேட்டாபேஸ் குழுவே வைத்திருக்கிறார்கள். உங்கள் மண்டியில் இருப்பது ஒரு சர்வர், சில ஆயிரம் பதிவுகள், ஒரு கணக்குப்பிள்ளை. வேகம் குறைந்தால் அதற்குக் காரணம் ஃபாரின் கீ அல்ல. ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக விவசாயியைக் கேட்கும் உங்கள் லூப், அல்லது போஸ்ட்கிரெஸில் பிள்ளை டேபிளின் புலத்துக்கு இன்டெக்ஸ் போடாமல் விட்டது. மைஎஸ்கியூஎல் அதைத் தானே போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது.

இனி நான் கேட்பது. உங்கள் கையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் மாடலை மூடிவைத்துவிட்டு டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் ‘ஷோ கிரியேட் டேபிள்’. அங்கே இல்லாத உறவு உண்மையில் இல்லை. ஒவ்வொரு பிள்ளை டேபிளுக்கும் தாய் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்து, எண் இருந்தும் ஆள் இல்லாத பதிவுகளை எடுங்கள். வந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பழம், யாரோ ஒருவரின் கூலி. பேக்கப்பிலும் கைச்சீட்டிலும் தேடி உரிய இடத்தில் சேருங்கள். பிறகு கட்டுப்பாட்டைச் சேருங்கள். போஸ்ட்கிரெஸில் முதலில் ‘நாட் வேலிட்’ என்று சேர்த்துப் புதிய தப்புகளை நிறுத்திவிட்டு, பழையதைத் திருத்திய பின் ‘வேலிடேட்’ செய்ய வசதி இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் எக்செல் ஏற்றும்போது ஃபாரின் கீ சோதனையை 0 ஆக்கிவிட்டுப் பிறகு 1 ஆக்கினால், நடுவில் நுழைந்த தப்பை அது திரும்பிப் பார்க்காது என்பதை மறக்காதீர்கள். ஏற்றி முடித்ததும் அதே லெஃப்ட் ஜாயினை மறுபடி ஓட்டுங்கள்.

தப்பு கண்டுபிடித்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், இருக்கட்டும். இந்த வேலைக்குத் தனியாகக் கூலி கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் தர மறுத்தாலும் இதைச் செய்துவிடுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன், ஏனென்றால் அந்த டேபிளில் பெயர் இருப்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் திரையைப் பார்த்ததே கிடையாது. அவர்களிடம் இருப்பது சட்டைப் பையில் மடித்துவைத்த ஒரு சீட்டு மட்டும். அது தொலைந்தால் உங்கள் டேட்டாபேஸ் சொல்வதுதான் அவர்கள் கணக்கு. அடுத்த மென்பொருளைக் கொடுப்பதற்கு முன்பு, இந்த வாரமே, அந்த லெஃப்ட் ஜாயின் வினவலை ஓட்டிப் பாருங்கள்.